அந்த ஊரில் சைக்கிள் ஓட்ட முடியுமா?

வட அமெரிக்க நகரங்களில் சைக்கிள் ஓட்டுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மாண்ட்ரியலில் வசிக்கும் நம் பத்தியாளர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

என் மகனுக்கு மேற்படிப்புக்கு கலிபோர்னியாவில் டேவிஸிலும் டெக்சாஸில் ஹூஸ்டனிலும் இடம் கிடைத்திருக்கிறது. கார் வாங்க வசதியில்லை, சைக்கிளிலேயே சமாளித்துக்கொள்கிறேன் என்கிறான். ஒரு ஊர் சைக்கிளுக்கு ஏற்றதா என்று இங்கிருந்தபடியே எப்படித் தெரிந்துகொள்வது? (ஈரோட்டிலிருந்து ஒரு தாய்)

எங்கே படிப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும் அம்மா. சைக்கிளை மட்டும் வைத்துக் கேட்டால் டேவிஸ்தான். அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. அமெரிக்காவில் முதன்முதலாகச் சாலையில் கோடு போட்டு சைக்கிளுக்கென்று தடம் ஒதுக்கிய ஊர் அது. ஆண்டு 1967. நெதர்லாந்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்த ஒரு பேராசிரியர் குடும்பம் இந்த ஆசையை ஊருக்குள் கிளப்பிவிட, 1966 நகரசபைத் தேர்தலில் அதுவே பேச்சானது. ஆதரித்தவர்கள் ஜெயித்தார்கள், தடம் வந்தது. பல்கலைக்கழகத் தலைவராக இருந்த எமில் ம்ராக்கும், மாணவர்கள் சைக்கிளில்தான் வருவார்கள் என்று வைத்துக்கொண்டு வளாகத்தைத் திட்டமிடச் சொன்னார். வளாகத்தின் நடுப்பகுதியில் இன்றும் காருக்கு வேலையில்லை. வகுப்பு மாறும் நேரத்தில் ரவுண்டானாக்களில் சைக்கிள்கள் சுற்றுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. புது மாணவர்கள் முதல் வாரத்தில் விழுவதும் அங்கேதான். உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை, நுழைகிறவர் பொறுக்க வேண்டும் என்று மகனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

ஹூஸ்டனை நான் ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். பயூ என்று அங்கே சொல்லும் ஓடைகளின் கரையில் நல்ல பாதைகள் போட்டிருக்கிறார்கள். பஃபலோ பயூ ஓரமாக மாலை நேரத்தில் ஓட்டினால் மனசு நிறையும். ஆனால் ஓடை போகிற இடத்துக்குத்தானே அந்தப் பாதை போகும்? உங்கள் மகன் அரிசி வாங்கப் போக வேண்டும், ஆய்வகத்தில் இருந்து ராத்திரி பத்து மணிக்குத் திரும்ப வேண்டும். அந்த ஊரில் கேட்டி நெடுஞ்சாலை, சர்வீஸ் ரோடுகளையும் சேர்த்தால், சில இடங்களில் 26 லேன் அகலம். இப்படிப்பட்ட சாலைகள் ஊரைக் கூறுபோட்டிருக்கும்போது வீடு எந்தக் கூறில், கல்லூரி எந்தக் கூறில் என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும். அங்கேதான் போவதென்றால் முதலில் வளாகம், பிறகு கடை, அதற்குப் பிறகு வீடு என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. கார் வைத்திருக்கும் செலவில் அது ஒரு பங்குகூட வராது.

இங்கிருந்தே பார்க்கும் வழியைச் சொல்கிறேன். நகரசபை வெளியிடும் 'இத்தனை கிலோமீட்டர் சைக்கிள் பாதை' என்ற கணக்கை நம்ப வேண்டாம். சாலையில் ஒரு சைக்கிள் படத்தையும் இரண்டு அம்புக்குறியையும் வரைந்துவிட்டு அதையும் பாதைக் கணக்கில் சேர்க்கும் ஊர்கள் உண்டு. கூகுள் வரைபடத்தில் வீட்டிலிருந்து கடைக்கு ஒரு வழியைப் போட்டு, தெருக்காட்சியில் ஒவ்வொரு சந்திப்பாக நகர்ந்து போங்கள். தடத்துக்கும் காருக்கும் நடுவில் இருப்பது திண்டா, கம்பமா, வெறும் பெயின்டா? சந்திப்பு வந்ததும் தடம் தொடர்கிறதா, மாயமாகிவிடுகிறதா? நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவை எங்கே கடக்க வேண்டியிருக்கிறது? ஐந்து கிலோமீட்டர் அருமையான பாதைக்கு நடுவில் அப்படி ஒரே ஒரு வளைவு இருந்தாலும், பயந்த சுபாவம் உள்ளவர் அன்றே சைக்கிளை மூலையில் சாத்திவிடுவார். மிக மோசமான அந்த ஐம்பது மீட்டர்தான் ஒரு வழியின் உண்மையான தரம். நான் எந்த ஊரையும் இதைக்கொண்டே மதிப்பிடுகிறேன்.

இன்னொன்று, ஆரம்பப் பள்ளிக்கூட வாசல். அங்கே சைக்கிள் நிறுத்தும் கம்பிகள் இருந்து, அவற்றில் சின்னச் சின்ன சைக்கிள்களும் நின்றால் அந்த ஊரை நம்பலாம். பத்து வயதுப் பிள்ளையைத் தனியே அனுப்ப அம்மாக்களுக்குத் தைரியம் இருக்கிறது என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

எங்கள் பால்கனியில் நின்றால் எதிரே மளிகைக் கடை தெரிகிறது. நடுவில் ரூட் 1 நெடுஞ்சாலை. அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது, சைக்கிளில் போய்விடலாம் என்று இறங்கினால் கைகால் நடுங்குகிறது. பழக்கமில்லாததால் வரும் பயமா இது? (எடிசன், நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி)

இல்லை அம்மா, உங்கள் உடம்பு சரியாகத்தான் கணக்குப் போடுகிறது. நடந்து போகிறவர் மீது கார் மோதும்போது அதன் வேகம் மணிக்கு 37 கிலோமீட்டர் என்றால் நூற்றுக்குப் பத்துப் பேர் இறக்கிறார்கள். 51 கிலோமீட்டர் என்றால் 25 பேர். 68-ஐத் தொட்டால் 50 பேர். அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கத்தின் அறக்கட்டளை 2011-ல் வெளியிட்ட கணக்கு இது. சைக்கிளில் போகிறவருக்கும் உடம்பைச் சுற்றி இரும்பு கிடையாதே. ரூட் 1-ல் வண்டிகள் எந்த வேகத்தில் போகின்றன என்று நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள்.

அந்தச் சாலையின் சங்கடமே, நெடுஞ்சாலையாகவும் கடைத்தெருவாகவும் ஒரே நேரத்தில் இருக்கப் பார்ப்பதுதான். லேன்கள் நெடுஞ்சாலை அகலம், நடுவில் கான்கிரீட் தடுப்பு. ஓரத்திலோ ஒவ்வொரு கடைக்கும் பெட்ரோல் பங்குக்கும் ஒரு நுழைவாயில். இடப்பக்கம் திரும்ப வேண்டியவர்கள் வலப்பக்கமாக வெளியேறிச் சுற்றி வரும் அந்த ஜக்ஹேண்டில் வளைவுகள் வேறு. நீங்கள் ஓரமாக நேரே போனால், வலப்பக்கம் ஒதுங்கும் ஒவ்வொரு காரும் உங்களைக் குறுக்கே வெட்டித்தான் போகும். இதற்கு மேல் சிக்னல். 1973-ல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்த பிறகு, பெட்ரோலை மிச்சப்படுத்தச் சிவப்பு விளக்கிலும் வலப்பக்கம் திரும்பலாம் என்று நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். திரும்புகிறவரின் கண் இடப்பக்கத்திலிருந்து வரும் காரைத்தான் தேடும். வலப்பக்கம் நிற்கும் உங்கள்மீது படாது. நியூயார்க் நகரத்துக்குள் அப்படித் திரும்பக் கூடாது. எங்கள் மாண்ட்ரியல் தீவிலும் கூடாது. அடுத்த முறை நியூயார்க் போகும்போது ஒரு தெருமுனையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அந்த அரைக் கிலோமீட்டரைக் காரிலோ பஸ்ஸிலோ போய்க்கொள்ளுங்கள், வீம்பு வேண்டாம். சைக்கிளையும் விட வேண்டாம். பழைய லீஹை வேலி ரயில் தடத்தின் மேல் போட்ட மிடில்செக்ஸ் கிரீன்வே உங்கள் ஊர் வழியாகவே மெட்டச்சனுக்குப் போகிறது. ஐந்தரைக் கிலோமீட்டர், கார் கிடையாது, ஏற்றமும் கிடையாது. கை நடுக்கம் போக அதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை.

ஒருநாள் ரயிலேறி ஹோபோக்கனையும் பார்த்துவிட்டு வாருங்கள். பெரிய செலவெல்லாம் செய்யவில்லை. தெருமுனைகளில் கார் நிறுத்த முடியாதபடி பிளாஸ்டிக் கம்பம் நட்டார்கள். திரும்புகிற டிரைவருக்கும் கடக்கிறவருக்கும் ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிகிறது. வேக வரம்பை மணிக்கு 20 மைலாகக் குறைத்தார்கள். 2017 தொடங்கி ஏழு வருடம், அந்த நகரசபைத் தெருக்களில் விபத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. உங்கள் மாநிலத்தில்தான் இது நடந்திருக்கிறது. எடிசன் கூட்டங்களில் எழுந்து நின்று இதைச் சொல்லுங்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் சைக்கிளிலேயே வளர்ந்தவன். பள்ளிக்கூடம், சந்தை, கோயில் எல்லாம் சைக்கிள்தான். டொராண்டோவில் ஸ்கார்பரோ பகுதிக்கு வந்தபின் அது கராஜில் தூங்குகிறது. இடம் சமதரைதானே, ஏன் முடியவில்லை? டொராண்டோவில் சைக்கிள் பாதைகளை அகற்றச் சட்டம் வந்ததே, அது என்னவாயிற்று? (ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகர்)

ஐயா, வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லாரன்ஸ், எல்ஸ்மியர், ஷெப்பர்ட், ஃபின்ச். கிழக்கு மேற்காகப் போகும் இந்தச் சாலைகள் இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றாக இருக்கின்றன, பார்த்தீர்களா? இருநூறு வருடத்துக்கு முன் காட்டைப் பண்ணை நிலமாகப் பிரித்தபோது நில அளவையாளர்கள் கிழித்த கோடுகள் அவை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அந்தக் கட்டங்களுக்குள் வீடுகளைக் கட்டியவர்கள், உள்தெருக்களை வளைத்து, சுற்றி, முட்டுச்சந்தாக முடித்தார்கள். வீட்டு வாசலில் கார் குறுக்கே ஓடாது, பிள்ளைகள் விளையாடலாம், நல்ல எண்ணம்தான். விளைவு என்ன? ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு அமைதியான தெரு வழியே போக முடியாது. எந்த வேலைக்கும் ஆறு லேன் சாலையில் ஏறித்தான் ஆக வேண்டும். எல்ஸ்மியருக்கும் ஷெப்பர்டுக்கும் நடுவில் 401 நெடுஞ்சாலை வேறு. அதைக் கடக்கும் பாலங்கள் பலவற்றில் நெடுஞ்சாலைக்கு ஏறி இறங்கும் வண்டிகள். உங்கள் காலில் குறையில்லை, தரையிலும் குறையில்லை. இணைப்பு இல்லை, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் ஒரு ஒழுங்கை அடைபட்டால் அடுத்த ஒழுங்கையால் போகலாம். ஸ்கார்பரோவில் அந்த அடுத்த ஒழுங்கைதான் கிடையாது.

இருந்ததையும் எடுத்தார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம். ஃபார்மசி அவென்யூவிலும் பெர்ச்மவுன்ட் வீதியிலும் இருந்த தடங்களை அகற்ற 2011-ல் டொராண்டோ நகரசபை தீர்மானம் போட்டது. தனித்தனியாக இரண்டு கோடுகளைப் போட்டு, எதனோடும் இணைக்காமல் விட்டுவிட்டு, பிறகு 'யாரும் ஓட்டவில்லையே' என்று அழிப்பது எந்த வகையில் நியாயம்?

நீங்கள் கேட்ட சட்டம் 2024 நவம்பரில் ஒன்டாரியோ அரசு கொண்டுவந்தது. புளோர், யங், யுனிவர்சிட்டி ஆகிய மூன்று வீதிகளின் பாதைகளை எடுக்க அது வழிசெய்தது. நெரிசல் குறையும் என்பது அரசின் வாதம். சைக்கிள்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2025 ஜூலையில் ஒன்டாரியோ உயர் நீதிமன்றம், பாதையை எடுத்தால் மக்கள் உயிருக்கு ஆபத்து கூடும், நெரிசல் குறையும் என்பதற்கோ ஆதாரமில்லை, ஆகவே அது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று சொன்னது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஒரு சைக்கிள் தடத்தை உயிர் சம்பந்தப்பட்ட உரிமையாக ஒரு நீதிமன்றம் பார்த்ததே!

உங்களுக்கு இப்போதைக்கு ஒரு வழி உண்டு. மின்கம்பிக் கோபுரங்களுக்குக் கீழே போகும் புல்வெளியைப் பதினாறு கிலோமீட்டர் பூங்காவாக்கி, ரூஜ் தேசிய நகர்ப்பூங்கா வரை கொண்டுபோகும் மெடோவே திட்டம் உங்கள் பக்கம்தான். பாதை பெருஞ்சாலையை வெட்டும் இடத்தில் மட்டும் அவசரப்படாமல் சிக்னலுக்குச் சுற்றிப் போய்க் கடவுங்கள். சைக்கிளைக் கராஜிலிருந்து எடுங்கள். டியூப் இரண்டையும் மாற்றிவிட்டே கிளம்புங்கள். கனகாலம் கிடந்த டியூப் வால்வு அடியில்தான் வெடிக்கும்.

மைனஸ் பதினைந்து டிகிரியில், பனியில், சைக்கிளா? நிஜமாகவே ஓட்டுகிறார்களா? (கோவையிலிருந்து ஒரு மாணவர்)

ஓட்டுகிறோம் தம்பி, நானும் ஓட்டுகிறேன். குளிர் பெரிய விஷயமே இல்லை. மிதிக்க ஆரம்பித்தால் சூடு தானாக வரும். நடப்பவர்களைவிட ஒரு அடுக்குத் துணி குறைவாகவே போடுகிறோம். விரல் நுனிக்கும் மூக்குக்கும்தான் பாதுகாப்பு வேண்டும். ஐந்து விரல் கையுறை உதவாது, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் பை மாதிரிக் கையுறைதான் சரி. டயரில் சின்ன உலோக ஆணிகள் பதித்திருக்கும். பனிக்கட்டியில் கவ்விப் பிடிக்கும், வெறும் தாரில் போகும்போது சரசரவென்று சத்தம் போடும். சாலையில் கொட்டும் உப்புதான் எங்கள் எதிரி. மார்ச் மாதத்துக்குள் செயினைத் தின்றுவிடும். அதனால் நல்ல சைக்கிளை உள்ளே வைத்துவிட்டு, குளிர்காலத்துக்கென்று ஒரு பழைய சைக்கிளை வைத்துக்கொள்வோம். அதை ராத்திரி வீட்டுக்குள் கொண்டுவரவும் மாட்டேன். உள்ளே உருகும் நீர் பிரேக் ஒயருக்குள் இறங்கி, காலையில் வெளியே போனதும் உறைந்துவிடும்.

ஊர் நல்லதா கெட்டதா என்பது பனி விழுந்த மறுநாள் காலையில் தெரிந்துவிடும். சாலையை அள்ளி அந்தப் பனியை சைக்கிள் தடத்தில் குவிக்கும் ஊரும் இருக்கிறது. தடத்தை முதலில் அள்ளும் ஊரும் இருக்கிறது. மாண்ட்ரியலில் வருடத்துக்கு இரண்டு மீட்டர் பனி கொட்டுகிறது. ஆனாலும் தடங்களில் பெரும்பகுதியைக் குளிர்காலம் முழுக்கத் திறந்தே வைக்கிறார்கள். மினியாபொலிஸ் எங்களைவிடக் குளிரான ஊர். அங்கே பழைய ரயில் தடத்தில், ஒரு பகுதி பள்ளத்துக்குள்ளாக, ஒன்பது கிலோமீட்டர் தூரம் போகும் மிட்டவுன் கிரீன்வேயில் ஜனவரியிலும் ஆள் நடமாட்டம் இருக்கும். பள்ளத்துக்கு மேலே குறுக்குத் தெருக்கள் பாலங்களில் போய்விடுகின்றன. அந்தப் பகுதியில் சைக்கிளுக்கு சிக்னல் தொல்லை இல்லை.

மாண்ட்ரியலுக்கு மட்டும் எப்படி இது வாய்த்தது? பிரெஞ்சுக்காரர்கள் என்பதாலா? (சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர்)

இல்லை. இந்த ஊரும் 60-களில் வீடுகளை இடித்து நெடுஞ்சாலை போட்ட ஊர்தான். யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை, மக்கள் சண்டை போட்டு வாங்கினார்கள். 1975-ல் 'சைக்கிளில் உலகம்' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரோடு ஒரு சங்கம் ஆரம்பமானது. பாப் சில்வர்மேன், கிளேர் மோரிசெட் என்ற இருவரும் அதன் முகங்கள். மெட்ரோ ரயிலில் சைக்கிளை ஏற்ற விடவில்லை. சங்கத்தார் ஏணியையும் பனிச்சறுக்குக் கட்டையையும் தூக்கிக்கொண்டு ரயிலேறினார்கள். இதெல்லாம் போகலாம், சைக்கிள் போகக் கூடாதா என்று கேட்டார்கள். செயின்ட் லாரன்ஸ் ஆற்றைக் கடக்க சைக்கிளுக்குப் பாலம் இல்லாதபோது, பைபிளில் கடலைப் பிரித்து வழி உண்டாக்கிய மோசேயின் வேடத்தைப் போட்டு சில்வர்மேன் கரையில் நின்று, ஆறே வழி விடு என்று கை உயர்த்தினார். விபத்தில் செத்தவர்களுக்காக நடுச்சாலையில் படுத்தார்கள்.

எல்லாம் ஒரு நாளில் நடக்கவில்லை. 2007-ல் கிளேர் மோரிசெட் இறந்தார். டவுன்டவுன் நடுவில் டி மேசன்னவ் சாலையில் ஓடும் பாதைக்கு அடுத்த வருடம் அவர் பெயரை வைத்தார்கள். அலுவலகம் விட்டு அந்த வழியே வரும்போது அந்தப் பெயர்ப்பலகையை ஒருமுறை பார்க்காமல் நான் போவதில்லை. பழைய சைக்கிள்களைச் சேகரித்து ஏழை நாடுகளுக்கு அனுப்பும் அமைப்பையும் அவர்தான் தொடங்கினார். 2009-ல் பிக்சி வாடகை சைக்கிள் வந்தது; இதே ஏற்பாடு இங்கிருந்துதான் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போனது. 2019-ல் திறந்த புதிய சாம்ப்ளேன் பாலத்தில் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் தனிப்பாதை இருக்கிறது. மோசே வேடத்துக்கு வந்த பதில் என்றே அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

2020-ல் சன் டெனி தெருவில் விரைவுப் பாதை போட்டபோது கடைக்காரர்கள் கொதித்தார்கள். வாடிக்கையாளர் வரமாட்டார்கள் என்று பயந்தார்கள், அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஏற்கெனவே தெரு நொடித்துப்போயிருந்தது. ஆனால் காருக்கு இருந்த நான்கு லேனில் இரண்டை எடுத்து, இரண்டு பக்கமும் திண்டு வைத்துப் பிரித்து, மெதுவாகப் போகிறவரை இன்னொருவர் தாண்டிப் போகும் அகலத்தில் தடம் போட்ட பிறகு அந்தத் தெருவில் யார் ஓட்டுகிறார்கள் என்று பாருங்கள். முன்னால் பெட்டி வைத்த சைக்கிளில் இரண்டு குழந்தைகளை உட்கார வைத்துப் போகும் அப்பாக்கள், சாப்பாடு கொண்டுபோகும் பையன்கள், காய்கறிப் பையை ஹேண்டில்பாரில் தொங்கவிட்ட பாட்டிகள். முன்பு அந்தத் தெருவில் ஓட்டியவர்கள் துணிச்சல்காரர்கள் மட்டும்தான். வீட்டுத் தெருவில் இன்னும் கதவு பயம் உண்டு. நிறுத்திய காரின் கதவு சட்டென்று திறந்து எனக்குத் தோள்பட்டை விலகியிருக்கிறது. பெயின்ட் போதாது, திண்டு வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான்.

போர்ட்லண்ட்தான் அமெரிக்காவின் சைக்கிள் தலைநகரம் என்பார்களே, இன்னும் அப்படித்தானா? (சியாட்டிலிலிருந்து ஒரு வாசகர்)

2014-ல் அங்கே வேலைக்குப் போகிறவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் சைக்கிளில் போனார்கள். 2022-ல் மூன்று பேர்கூட இல்லை. வீட்டிலிருந்தே வேலை வந்தது ஒரு காரணம். வாடகை ஏறி, இளையவர்கள் நகரின் கிழக்கு ஓரத்துக்கு, அகலச் சாலைகளின் பக்கம் தள்ளப்பட்டது இன்னொன்று. அந்த ஊரின் பெருமையே நெரிசலில்லாத உள்தெருக்களை இணைத்த வழிகள்தான். ஆனால் கடைகளெல்லாம் பெரிய சாலையில். அங்கே திண்டு வைக்கத் தயங்கிக்கொண்டே இருந்தார்கள். ஆனாலும் கார் போக முடியாத டிலிக்கம் பாலத்தில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். 2015-ல் திறந்தது. ரயில், பஸ், சைக்கிள், நடப்பவர்கள், இவ்வளவுதான் அங்கே.

மேடு பள்ளமான ஊரில் சைக்கிள் பாதை வீண்தானே? (சேலத்திலிருந்து ஒரு வாசகர்)

சான் பிரான்சிஸ்கோவைவிட மேடான ஊரா? அங்கே விக்கிள் என்ற வழி, குன்றுகளுக்கு நடுவே தெருத்தெருவாக வளைந்து வளைந்து, மூச்சு வாங்காமல் மேற்கே கோல்டன் கேட் பூங்காப் பக்கம் கொண்டுபோய்விடும். இப்போது மோட்டார் சைக்கிள்களும் வந்துவிட்டன. நான் சொல்வது பேட்டரி வைத்த சைக்கிளை. மேடு ஒரு சாக்கு.

மே மாதம் மகளைப் பார்க்க மாண்ட்ரியல் வருகிறேன். வயது 61. இளவயதில் ஓட்டியதுதான். அங்கே வாடகை சைக்கிள் எடுக்கலாமா? சுடிதார் போட்டுக்கொண்டு ஓட்ட முடியுமா? (மதுரையிலிருந்து ஒரு வாசகி)

கட்டாயம் எடுங்கள் அக்கா. பிக்சி சைக்கிளில் குறுக்குக் கம்பி கிடையாது, காலைத் தூக்கிப் போட வேண்டாம். செயின் மூடியிருக்கும், சுடிதார் மாட்டாது. துப்பட்டாவை மட்டும் இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். வண்டி நல்ல கனம். பேட்டரி உள்ளதை முதலில் தொட வேண்டாம், சட்டென்று இழுக்கும். கியூபெக் சட்டப்படி அதற்கு ஹெல்மெட்டும் கட்டாயம். சாதாரண சைக்கிளுக்குச் சட்டம் கேட்காது, நான் போட்டுக்கொள்கிறேன்.

முதல் நாள் லஷீன் கால்வாய்க் கரைக்குப் போங்கள். பழைய துறைமுகத்தில் தொடங்கும் சமதரைப் பாதை, பக்கத்தில் கார் இல்லை. ஞாயிறு மதியம் கூட்டம் அலைமோதும், வேகமாக ஓட்டுகிறவர்கள் உரசிக்கொண்டு போவார்கள். வாரநாள் காலை ஒன்பதரைக்கு மேல் நிம்மதி. இங்கே வலப்பக்கமாக ஓட்ட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். சீட்டுத் தண்டில் எண்கள் இருக்கும். உங்களுக்குச் சரியான எண்ணை மகளை விட்டுக் குறித்து வைத்துக்கொள்ளச் சொன்னால் அடுத்த முறை தடவிக்கொண்டு நிற்க வேண்டாம். திருப்பி விடும்போது முன்சக்கரத்தைத் தாங்கியில் நன்றாகத் தள்ளி, பச்சை விளக்கு எரிந்ததைப் பார்த்த பிறகே நகருங்கள். எரியாவிட்டால் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.